ஆடாமல் பார்க்கிற கண்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் விண்வெளித் தொலைநோக்கிகளைப் பற்றிப் பேசும்போது போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன்: "ஹப்பிளின் குறி துல்லியம் 0.007 ஆர்க் செகண்ட்." அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள் மற்ற எல்லாவற்றுக்கும் சேர்த்து வந்ததைவிட அதிகம். பாதி சந்தேகம், பாதி சண்டை. அதனால் இந்த முறை பக்கம் முழுக்க இதற்கே. ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன், நீளமானவற்றைக் கொஞ்சம் வெட்டியிருக்கிறேன், கோபிக்க வேண்டாம்.

கேள்வி: 0.007 ஆர்க் செகண்ட் என்பதெல்லாம் நம்புகிற மாதிரி இல்லையே சார். அச்சுப் பிழையா, இல்லை யாரோ அளந்துவிட்டதை அப்படியே போட்டுவிட்டீர்களா?

அச்சுப் பிழை இல்லை. ஆனால் என் பிழை ஒன்று இருக்கிறது, அதற்கு வருகிறேன்.

முதலில் அளவைப் பார்த்துவிடலாம். ஒரு டிகிரியை 3600 பங்கு போட்டால் ஒரு பங்கு ஒரு ஆர்க் செகண்ட். முழு நிலவின் அகலம் சுமார் 1800 ஆர்க் செகண்ட். ஒரு கிலோமீட்டர் தள்ளி வைத்த 5 மில்லிமீட்டர் பொருள் ஏறக்குறைய ஒரு ஆர்க் செகண்ட் அகலத்தில் தெரியும். அப்படியென்றால் 0.007? இரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் பிடித்திருக்கிற ஒற்றைத் தலைமுடியின் பருமன். ஒரு பேருந்து அளவுள்ள, 11 டன்னுக்கு மேல் எடையுள்ள பொருள், வினாடிக்கு ஏழரை கிலோமீட்டர் வேகத்தில் பூமியைச் சுற்றிக்கொண்டே இந்த வேலையைச் செய்கிறது. நம்பக் கஷ்டமாகத்தான் இருக்கும், ஆனால் உண்மை.

இப்போது என் பிழை. அந்த எண்ணுக்கு "குறி துல்லியம்" என்று பெயர் வைத்தது தவறு. அது குறி பார்ப்பதற்கான எண் இல்லை, குறி பார்த்த பிறகு ஆடாமல் நிற்பதற்கான எண். இரண்டும் வேறு. அறிவியல் செயற்கைக்கோளைப் பொறுத்தவரை, துல்லியம் என்று நாம் பொத்தாம்பொதுவாகச் சொல்வதற்குள் மூன்று தனித்தனிக் கேள்விகள் ஒளிந்திருக்கின்றன: சொன்ன இடத்தைத்தான் பார்க்கிறதா? படம் எடுத்து முடிக்கும்வரை அசையாமல் நிற்கிறதா? எங்கே பார்த்துக்கொண்டிருந்தது என்பது பிறகாவது நமக்குச் சரியாகத் தெரியுமா? போட்டோ எடுப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். கேமரா கொஞ்சம் தள்ளித் திரும்பியிருந்தால் ஆள் ஓரத்தில் விழுவார், பெரிய நஷ்டம் இல்லை. கை ஆடினால் படமே கலங்கிவிடும். முதல் தவறோடு வாழ்ந்துவிடலாம், இரண்டாவதோடு முடியாது. மூன்றாவது விஷயம் விசித்திரமானது, அதற்கு இன்னொரு வாசகர் தனியாகவே கேள்வி அனுப்பியிருக்கிறார், கீழே வருகிறது.

கேள்வி: விண்வெளியில் காற்று கிடையாது, யாரும் இடிக்கப்போவதில்லை. ஒருமுறை திருப்பி வைத்துவிட்டால் அப்படியே நிற்க வேண்டியதுதானே? நியூட்டன் அப்படித்தானே சொன்னார்?

நியூட்டன் சொன்னதில் "வெளிவிசை இல்லாதவரை" என்று ஒரு நிபந்தனை உண்டு, அங்கேதான் சிக்கல். தொந்தரவு கொடுக்க ஆட்கள் இருக்கிறார்கள். சூரிய ஒளியே தள்ளும். பூமி இருக்கிற தூரத்தில் ஒரு சதுர மீட்டர் கறுப்புப் பரப்பை வெயில் தள்ளுகிற விசை சுமார் நாலரை மைக்ரோ நியூட்டன், கண்ணாடி மாதிரிப் பளபளப்பான பரப்பு என்றால் அதுபோல் இரண்டு மடங்கு. ஒன்றுமே இல்லாத மாதிரித் தெரியும். ஆனால் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் வெயில் மறைப்பு 21 மீட்டருக்கு 14 மீட்டர். அதன்மேல் விழுகிற மொத்தத் தள்ளல், தரையில் ஒரு துண்டுக் காகிதத்தின் எடை அளவுக்கு வந்துவிடும். துண்டுக் காகிதம் ஒன்றும் செய்யாது என்கிறீர்களா? 10,000 கிலோகிராம் சதுர மீட்டர் நிலைமத் திருப்புத்திறன் (திருப்பப் பார்த்தால் எவ்வளவு முரண்டு பிடிக்கும் என்ற அளவு) உள்ள ஒரு பெரிய செயற்கைக்கோளுக்கு ஒரு மில்லி நியூட்டன் மீட்டர் திருப்பு விசை கொடுத்துப் பாருங்கள், ஒரே நிமிடத்தில் அது 37 ஆர்க் செகண்ட் விலகிவிடும். நாம் பேசிக்கொண்டிருப்பதோ ஆயிரத்தில் ஏழு ஆர்க் செகண்டைப் பற்றி.

அப்புறம் பூமியின் ஈர்ப்பு. செயற்கைக்கோளின் பூமிக்கு அருகில் உள்ள முனையைக் கொஞ்சம் அதிகமாகவும் தள்ளியுள்ள முனையைக் கொஞ்சம் குறைவாகவும் இழுக்கும், நீளமான பொருள் என்றால் செங்குத்தாக நிற்கப் பார்க்கும். மின்சுற்றுகளில் ஓடும் மின்னோட்டம் சிறு காந்தமாகி, பூமியின் காந்தப்புலத்தோடு மல்லுக்கட்டும். தாழ்வான சுற்றுப்பாதையில் மிச்சமிருக்கிற மெல்லிய காற்றும் உரசும்.

ஆனால் இவையெல்லாம் மெதுவானவை, மெதுவானதைச் சமாளித்துவிடலாம் என்பதால் இவற்றைப் பற்றிப் பொறியாளர்கள் அதிகம் கவலைப்படுவதில்லை. அவர்கள் தூக்கத்தைக் கெடுப்பது உள்ளே இருக்கிற எதிரி. செயற்கைக்கோள் தன்னைத்தானே ஆட்டிக்கொள்ளும்! ஹப்பிளின் கதையையே கேளுங்கள். 1990-ல் ஏவினார்கள், கண்ணாடி தவறான வடிவத்தில் தேய்க்கப்பட்டிருந்த கதை எல்லோருக்கும் தெரியும். அதே சமயத்தில் இன்னொரு தலைவலியும் இருந்தது, அதை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. அதன் சூரியத் தகடுகள் பாய் மாதிரிச் சுருட்டி விரிக்கிற வகை, மெல்லிய உலோகக் கம்புகள் அவற்றைத் தாங்கின. பூமியின் நிழலிலிருந்து வெயிலுக்கு வரும்போது கம்பின் ஒரு பக்கம் சூடாகி நீளும், மறுபக்கம் குளிர்ச்சியாகவே இருக்கும், கம்பு வளையும், தகடு படபடவென்று ஆடும். தொலைநோக்கியும் கூடவே ஆடும். சுற்றுக்கு இரண்டு தடவை, நிழலுக்குள் போகும்போதும் வரும்போதும், ஒவ்வொரு நாளும். சில சமயம், ஆடாமல் நிற்பதற்காகப் பார்த்துக்கொண்டிருக்கிற வழிகாட்டி நட்சத்திரத்தின் பிடியே நழுவிவிடும். ஆட்டத்தை எதிர்த்து ஈடுகட்டும் மென்பொருளை அனுப்பிப் பார்த்தார்கள், கடைசியில் 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் போய்த் தகடுகளையே மாற்றினார்கள். பழைய தகடுகளில் ஒன்று திரும்பச் சுருட்ட முடியாத அளவுக்கு வளைந்து போயிருந்ததால் அதை அங்கேயே விண்வெளியில் கைவிட்டுவிட்டு வந்தார்கள். 2002-ல் வளையாத வகைத் தகடுகள் பொருத்தப்பட்டன.

தகடு மட்டுமா? குளிர்விக்கும் பம்பு அதிரும். வடிகட்டியை மாற்றும் சக்கரம் சுழன்றால் உதறும். ஆன்டெனா திரும்பினால் உடம்பு எதிர்ப்பக்கம் திரும்பும். தொட்டியில் எரிபொருள் தளும்பும். ஐரோப்பியர்களின் கையா செயற்கைக்கோளை வடிவமைத்தவர்கள் இந்த விஷயத்தில் துறவிகள் மாதிரி நடந்துகொண்டார்கள்: சுழலும் சக்கரமே வேண்டாம், திரும்புகிற ஆன்டெனாவும் வேண்டாம். மின்னணு முறையில் அலையின் திசையை மட்டும் மாற்றுகிற ஆன்டெனா ஒன்றை வைத்து, நைட்ரஜன் வாயுவை மைக்ரோ நியூட்டன் அளவில் ஊதுகிற குட்டி த்ரஸ்டர்களால் ஆறு மணி நேரத்துக்கு ஒரு சுற்று என்று சீராகச் சுழலவிட்டார்கள். இந்தத் துறையில் எனக்கு ரொம்பப் பிடித்த வடிவமைப்பு அதுதான்.

கேள்வி: பிடித்துத் தள்ள எதுவும் இல்லாத இடத்தில் அது எப்படித் திரும்புகிறது? ராக்கெட் மாதிரிப் புகை விட்டா?

பெரும்பாலும் இல்லை. சுழல்நாற்காலியில் கால் தரையில் படாமல் உட்கார்ந்துகொண்டு, கையில் ஒரு கனமான சக்கரத்தை வலப்பக்கமாகச் சுழற்றினால் நாற்காலி இடப்பக்கம் திரும்பும், கல்லூரி ஆய்வகத்தில் செய்து பார்த்திருப்பீர்கள். கோண உந்தம் மொத்தத்தில் மாறாது. அதே வித்தைதான். செயற்கைக்கோளுக்குள் மோட்டார் பொருத்திய கனமான சக்கரங்கள் இருக்கும், ரியாக்‌ஷன் வீல் என்று பெயர். மூன்று அச்சுக்கு மூன்று போதும், ஒன்று கெட்டாலும் ஓடட்டும் என்று நாலாவதைச் சாய்வாக வைப்பார்கள். ஹப்பிள் 90 டிகிரி திரும்பக் கால் மணி நேரம் ஆகும், அதாவது கடிகாரத்தின் நிமிட முள் வேகம்தான்.

இதில் ஒரு கடன் கணக்கு இருக்கிறது. வெயில் ஒரே பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தால் சக்கரம் அதை ஈடுகட்ட வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகவேண்டும், ஒரு கட்டத்தில் அதற்கு மேல் சுற்ற முடியாது. சேர்ந்த உந்தத்தை எங்காவது கொட்டியாக வேண்டும். பூமிக்கு அருகில் என்றால் மின்காந்தக் கம்பிச்சுருள்களை இயக்கி, பூமியின் காந்தப்புலத்தைப் பிடித்துத் தள்ளிக் கொட்டிவிடலாம். ஹப்பிளில் த்ரஸ்டரே கிடையாது தெரியுமா? வெளியேறும் வாயு கண்ணாடியில் படிந்துவிடும் என்ற பயம். வெப் இருப்பது 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி, அங்கே பிடித்துக்கொள்ள அந்த அளவுக்குக் காந்தப்புலம் இல்லை, அதனால் எரிபொருள் செலவழித்துத்தான் கொட்டவேண்டும். அந்தச் செலவைக் குறைக்க, வெயில் மறைப்பின் ஓரத்தில் வெயில் தள்ளலைச் சமன்செய்ய ஒரு சிறு மடிப்புத் தகடு வைத்திருக்கிறார்கள்.

சக்கரத்துக்கும் குணக்கேடு உண்டு. எவ்வளவு சமநிலைப்படுத்தினாலும் துளி ஏற்றத்தாழ்வு இருக்கும், சுற்றும்போது அதிரும், அந்த அதிர்வு தொலைநோக்கியின் இயல்பு அதிர்வெண்ணோடு ஒத்துப்போனால் தொலைந்தது. இன்னொன்று, சக்கரம் ஒரு பக்கம் சுற்றுவதிலிருந்து மறுபக்கத்துக்கு மாறும்போது சுழிய வேகத்தைக் கடக்கவேண்டும். அந்த இடத்தில் உராய்வு சட்டென்று திசை மாறுவதால் ஒரு குலுக்கல் வரும். முக்கியமான படம் எடுக்கும் நேரத்தில் சுழியம் வராதபடி முன்கூட்டியே சக்கர வேகத்தைத் திட்டமிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

கேள்வி: எந்தத் திசையைப் பார்க்கிறோம் என்று செயற்கைக்கோளுக்கு எப்படித் தெரியும்? மேலே கீழே எதுவும் கிடையாதே, திசைகாட்டியும் உதவாதே?

இது நல்ல கேள்வி. படிப்படியாகத் தெரிந்துகொள்ளும். ஏவியதும் முதலில் சூரியன் எந்தப் பக்கம் என்று பார்க்கும், அதற்கு எளிய உணரி போதும், சூரியத் தகட்டை வெயிலுக்குத் திருப்பினால்தான் உயிரே தங்கும். அப்புறம் ஸ்டார் டிராக்கர். இது ஒரு சின்னக் கேமரா, உள்ளே ஆயிரக்கணக்கான நட்சத்திரங்களின் பட்டியல். எடுத்த படத்தில் தெரிகிற நட்சத்திரங்களுக்கு இடையிலான கோணங்களைப் பட்டியலோடு ஒப்பிட்டு, "நான் இதோ இந்தத் திசையில் இருக்கிறேன்" என்று வினாடிக்குப் பலமுறை சொல்லும். சில ஆர்க் செகண்ட் வரை சரியாக இருக்கும். ஆனால் ஒரு குறை: கேமராவின் பார்வைக்கோட்டுக்குக் குறுக்கே எவ்வளவு விலகினாலும் நன்றாகத் தெரியும், அந்தக் கோட்டையே அச்சாக வைத்து உருண்டால் அவ்வளவு துல்லியமாகத் தெரியாது. அதனால் இரண்டு கேமராக்களை வேறு வேறு திசையில் வைப்பார்கள்.

இரண்டு படத்துக்கு நடுவே என்ன நடந்தது என்பதை ஜைரோ, அதாவது எவ்வளவு வேகமாகத் திரும்புகிறோம் என்று உணரும் கருவி, சொல்லும். ஹப்பிளின் ஜைரோவுக்குள் ஒரு சக்கரம் நிமிடத்துக்கு 19,200 சுற்று சுற்றுகிறது. ஜைரோ வேகமானது, நுட்பமானது, ஆனால் கொஞ்சம் கொஞ்சமாகப் பொய் சொல்லும். மணிக்கு 0.01 டிகிரி தவறினால்கூட நிமிடத்துக்கு 0.6 ஆர்க் செகண்ட் ஆகிவிடும். ஸ்டார் டிராக்கர் மெதுவானது, ஆனால் நீண்டகாலத்தில் பொய் சொல்லாது. இந்த இருவரையும் எவ்வளவு நம்பலாம் என்று எடைபோட்டுச் சேர்க்கிற கணக்குக்குப் பெயர் கால்மன் வடிகட்டி. ருடால்ஃப் கால்மன் 1960-ல் எழுதியது, அப்போலோ விண்கலத்திலேயே பயன்பட்டது.

மில்லி ஆர்க் செகண்டுக்கு இதுவும் போதாது. அந்த நிலையில் தொலைநோக்கியே தன் பெரிய கண்ணாடி வழியாக ஒரு வழிகாட்டி நட்சத்திரத்தைப் பிடித்துக்கொள்ளும். காரணம் எளிது: ஸ்டார் டிராக்கர் வேறு இடத்தில் திருகி வைத்திருக்கிற பொருள், இடையில் இருக்கிற உலோகம் வெப்பத்தில் ஒரு நூலிழை வளைந்தாலும் இரண்டும் வேறு வேறு பக்கம் பார்க்கும். வெப்பில் அந்த நட்சத்திரத்தின் இடத்தை வினாடிக்கு சுமார் 16 முறை அளந்து ஒரு சின்னக் கண்ணாடியை உடனுக்குடன் திருப்புகிறார்கள், மொத்தச் செயற்கைக்கோளையும் அசைப்பதைவிட அது எவ்வளவோ சுலபம். கிடைத்த நிலைத்தன்மை சுமார் ஒரு மில்லி ஆர்க் செகண்ட், கேட்டதைவிடப் பலமடங்கு நன்றாக.

வழிகாட்டி நட்சத்திரத்துக்கும் பட்டியல் வேண்டும். ஹப்பிளுக்காகப் பழைய கண்ணாடித் தகடுகளில் எடுத்த வானப் படங்களை ஸ்கேன் செய்து ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட நட்சத்திரங்களைப் பட்டியலிட்டார்கள். இன்னொரு நுணுக்கம் சொல்லட்டுமா? மழையில் வேகமாக நடந்தால் குடையை முன்னால் சாய்க்கிறோம் இல்லையா, ஒளியும் அப்படித்தான். பூமி சூரியனை வினாடிக்கு 30 கிலோமீட்டரில் சுற்றுவதால் நட்சத்திரங்கள் அதிகபட்சம் 20 ஆர்க் செகண்ட் இடம் மாறித் தெரியும். தாழ்வான பாதையில் செயற்கைக்கோளின் வேகத்தாலேயே இன்னும் 5 ஆர்க் செகண்ட், அதுவும் ஒவ்வொரு சுற்றிலும் திசை மாறி மாறி. இதைக் கணக்கில் சேர்க்காமல் விட்டால் இயந்திரம் எவ்வளவு ஒழுங்காக வேலை செய்தாலும் தவறான இடத்தைத்தான் பார்க்கும்.

2023 ஜூலையில் ஏவிய யூக்ளிட் தொலைநோக்கிக்கு நடந்ததைப் பாருங்கள். விண்வெளிக் கதிர்கள் உணரியில் மோதிப் போலிப் புள்ளிகளை உண்டாக்க, வழிகாட்டி அவற்றுக்கு நடுவே உண்மையான நட்சத்திரத்தை அவ்வப்போது தவறவிட்டது. சோதனைப் படங்களில் நட்சத்திரங்கள் புள்ளியாக விழாமல் சுருள் சுருளாகக் கிறுக்கியிருந்தன. அக்டோபருக்குள் மென்பொருளைத் திருத்தி அனுப்பிச் சரிசெய்தார்கள். அந்தக் கிறுக்கல் படம் கிடைத்தால் பாருங்கள், அழகாகவே இருக்கும்.

கேள்வி: தரையிலிருந்து யாராவது ஜாய்ஸ்டிக் வைத்துத் திருப்புவார்களா?

இல்லை. வெப்புக்குச் சிக்னல் போய்ச் சேரவே 5 வினாடி. அதற்குள் உள்ளே இருக்கிற கணினி எண்பது முறை திருத்தியிருக்கும். தரையிலிருந்து "இன்றைக்கு இவற்றைப் பார்" என்று பட்டியல்தான் போகும்.

கேள்வி: சந்திரா எக்ஸ்ரே தொலைநோக்கி படம் எடுக்கும்போது வேண்டுமென்றே ஆட்டப்படுகிறது என்று படித்தேன். நீங்கள் சொல்வதற்கு நேர்மாறாக இருக்கிறதே?

நேர்மாறு இல்லை, முதல் பதிலில் பாக்கி வைத்த மூன்றாவது கேள்வி இதுதான். சந்திரா 1999-லிருந்து வேலை செய்கிறது. எக்ஸ்ரே ஃபோட்டான்கள், அதாவது ஒளித்துகள்கள், ரொம்ப அபூர்வமாக, ஒவ்வொன்றாகத்தான் வரும். ஒவ்வொன்றும் எந்த நேரத்தில், எந்தப் பிக்சலில் விழுந்தது என்று குறித்துவைத்துவிடலாம். அந்த நொடியில் தொலைநோக்கி எங்கே பார்த்தது என்று கூடவே பதிவாகியிருந்தால், பிறகு தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு ஃபோட்டானையும் அதன் சரியான இடத்துக்கு நகர்த்திக்கொள்ளலாம். ஆக ஆடாமல் நிற்கவேண்டிய கட்டாயம் இல்லை, ஆடியதைத் துல்லியமாகத் தெரிந்துவைத்திருந்தால் போதும். அப்படியிருக்க ஏன் சும்மா நிற்கவேண்டும்? ஒரே பிக்சலில் ஒளி விழுந்துகொண்டே இருந்தால் அந்தப் பிக்சலின் குறை படத்தில் ஏறிவிடும். அதனால் சில ஆர்க் செகண்ட் அளவுக்கு மெதுவாக எட்டுப் போடுகிற மாதிரி ஆட்டி, குறைகளைப் பரவலாக்கிவிடுகிறார்கள். அப்படியும் அரை ஆர்க் செகண்ட் விவரம் தெரிகிறது.

2015 செப்டம்பரில் இஸ்ரோ ஏவிய ஆஸ்ட்ரோசாட்டின் புறஊதாத் தொலைநோக்கியும் இதே வழிதான். செயற்கைக்கோள் மெதுவாக நகர்ந்துகொண்டே இருக்கும், கருவி வினாடிக்கு சுமார் 29 படம் எடுத்துத் தள்ளும், நகர்ந்த அளவைக் கணக்கிட்டுத் தரையில் அடுக்கிச் சேர்ப்பார்கள். செயற்கைக்கோளைக் கல் மாதிரி நிறுத்த முடியாதபோது கணக்கால் நிறுத்துவது. இதை இரண்டாந்தர வழி என்று சிலர் நினைக்கிறார்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை, ஃபோட்டானை எண்ண முடிகிற இடத்தில் இதுதான் புத்திசாலித்தனம்.

கேள்வி: சக்கரம் கெட்டுவிட்டால் அத்தோடு கதை முடிந்ததா?

முடிந்ததென்று எல்லோரும் நினைத்த பிறகு நாலரை வருடம் ஓடிய தொலைநோக்கி ஒன்று உண்டு. கெப்ளர், 2009 மார்ச்சில் ஏவியது. வேறு நட்சத்திரங்களைச் சுற்றும் கோள்களைத் தேடுவது அதன் வேலை: கோள் குறுக்கே போகும்போது நட்சத்திர ஒளி துளி மங்கும், பூமி அளவுக் கோள் என்றால் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக. ஒவ்வொரு பிக்சலின் உணர்திறனும் கொஞ்சம் கொஞ்சம் வேறுபடும் என்பதால், நட்சத்திரம் அதே பிக்சலில் அப்படியே நின்றால்தான் இந்த மங்கல் தெரியும், இல்லாவிட்டால் தொலைநோக்கியின் ஆட்டமே கோள் மாதிரித் தெரிந்து ஏமாற்றும்.

2012 ஜூலையில் நான்கு சக்கரங்களில் ஒன்று போனது. 2013 மேயில் இரண்டாவது. இரண்டு சக்கரத்தை வைத்து மூன்று அச்சைக் கட்டுப்படுத்த முடியாது. அப்புறம் ஒரு யோசனை வந்தது பாருங்கள், இவ்வளவு நேரம் நாம் திட்டிக்கொண்டிருந்த வெயிலையே மூன்றாவது சக்கரமாக வைத்துக்கொள்வது! கெப்ளரின் முதுகில் சூரியத் தகடுகள் வீட்டுக்கூரை மாதிரி நடுவில் முகடு வைத்து இருபக்கமும் சரியும். அந்த முகட்டைச் சூரியனுக்கு நேராகப் பிடித்தால் இரண்டு பக்கமும் ஒரே அளவு தள்ளல், சமன். துளி உருண்டால் சில மணி நேரத்துக்கு ஒருமுறை த்ரஸ்டரை லேசாக ஊதித் திருத்துவது. சூரியனின் திசை மாறிக்கொண்டே போவதால் 80 நாளைக்கு ஒருமுறை வேறு வானப் பகுதிக்கு மாறவேண்டும், அவ்வளவுதான் விலை. 2014-ல் தொடங்கி, 2018 அக்டோபரில் எரிபொருள் தீரும்வரை ஓடியது.

சக்கரம் ஏன் இப்படிக் கெடுகிறது என்பதற்கு ஒரு வலுவான சந்தேகம்: சூரியப் புயலின்போது ஏறும் மின்னேற்றம் உலோகப் பேரிங் குண்டுகள் வழியாகப் பொறியாகப் பாய்ந்து அவற்றைச் சொரசொரப்பாக்குகிறது. மின்சாரம் பாயாத பீங்கான் குண்டுகள் போட்டால் அந்தத் தொல்லை இல்லை. ஜைரோ கெட்டாலும் வழி இருக்கிறது, ஹப்பிள் 2024 ஜூனிலிருந்து ஒற்றை ஜைரோவில்தான் ஓடுகிறது. இலக்கைப் பிடிக்க நேரம் கூடுதலாகும், படத்தின் தரம் குறையாது.

கேள்வி: கட்டுப்படுத்துகிற கணினியே தவறாக நினைத்துக்கொண்டால்?

ஹிட்டோமி. ஜப்பானின் எக்ஸ்ரே தொலைநோக்கி, 2016 பிப்ரவரி 17-ல் ஏவியது. மார்ச் 26 அன்று, செயற்கைக்கோள் அசையாமல் நின்றுகொண்டிருந்தபோது, தான் மணிக்கு 21.7 டிகிரி சுழல்வதாகக் கணினி தப்பாக முடிவு செய்தது. ஸ்டார் டிராக்கர் வேறு விடை சொன்னபோது, "என் கணக்கோடு ஒத்துப்போகவில்லை" என்று அந்த விடையை ஒதுக்கிவிட்டது. இல்லாத சுழற்சியை நிறுத்தச் சக்கரங்களை இயக்க, நிஜமாகவே சுழல ஆரம்பித்தது. சக்கரங்களில் உந்தம் நிரம்பியது, பாதுகாப்பு நிலைக்குப் போய் த்ரஸ்டரை எடுத்தது. அந்த த்ரஸ்டருக்கான அளவுகளைச் சில வாரங்களுக்கு முன்தான் தரையிலிருந்து தவறாக அனுப்பியிருந்தார்கள். சுழற்சி குறைவதற்குப் பதில் கூடி, சூரியத் தகடுகள் பிய்த்துக்கொண்டு போயின. அதற்கு முன் எடுத்துக் கொடுத்த பெர்சியஸ் விண்மீன் பேரடைக் கூட்டத்தின் எக்ஸ்ரே நிறமாலை இன்றைக்கும் பேசப்படுகிறது, அதனால்தான் வயிற்றெரிச்சல் கூடுகிறது. தனித்தனியாகப் பார்த்தால் எந்தத் தவறும் பெரிதில்லை, ஒன்றை ஒன்று கைபிடித்துக்கொண்டு வந்துவிட்டன.

கேள்வி: நாங்கள் கல்லூரி மாணவிகள், ஷூ பெட்டி அளவில் ஒரு க்யூப்சாட் வடிவமைக்கிறோம், நட்சத்திரங்களின் ஒளியை அளக்க. ஒரு ஆர்க் செகண்ட் துல்லியம் சாத்தியமா? எந்த ரியாக்‌ஷன் வீல் வாங்கலாம்?

சாத்தியம்தான், செய்து காட்டியிருக்கிறார்கள். ஆஸ்டீரியா என்ற க்யூப்சாட், 2017-ல் விண்வெளி நிலையத்திலிருந்து விடப்பட்டது, 20 நிமிடத்துக்கு அரை ஆர்க் செகண்ட் நிலைத்தன்மையைத் தொட்டது. ஆனால் சக்கரத்தால் மட்டும் இல்லை. சக்கரங்கள் உடம்பை முடிந்தவரை நிறுத்த, மிச்ச ஆட்டத்தை, ஒளி உணரியையே பீசோ மேசையில் (மின்னழுத்தம் கொடுத்தால் மிக நுண்ணியதாக நகரும் மேசை) வைத்து நகர்த்தி ஈடுகட்டினார்கள். வெப் செய்கிற அதே இரண்டடுக்கு யோசனை, பெட்டி அளவில்.

வீல் வாங்கும் முன் ஒரு தாளில் பிழைக் கணக்கை எழுதுங்கள். சக்கர அதிர்வு இவ்வளவு, ஸ்டார் டிராக்கர் இரைச்சல் இவ்வளவு, வெப்ப வளைவு இவ்வளவு. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பிழைகள் நேராகக் கூடாது, பிதாகரஸ் மாதிரி வர்க்கங்களாகக் கூடும்: 3-ம் 4-ம் சேர்ந்தால் 7 இல்லை, 5. அதனால் மிகப் பெரிய பிழையைப் பாதியாக்குவதுதான் லாபம், சின்னதைத் தேய்த்துக்கொண்டிருப்பது நேர விரயம். உங்கள் கடிதத்தில் வெப்பத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை, சிறிய பெட்டியில் பெரும்பாலும் அதுதான் பெரிய பிழையாக வந்து நிற்கும். தரையில் காற்றுத் தாங்கி மேசையில் மிதக்கவிட்டுச் சோதிக்கலாம், ஆனால் பொருண்மை மையம் சுழல்புள்ளியில் சரியாக உட்காராவிட்டால் பூமியின் ஈர்ப்பே பெட்டியை ஊசல் ஆக்கிவிடும், சக்கரத்தைக் குறை சொல்லாதீர்கள்.

எந்த வீல் என்பதற்கு இப்போது பதில் சொல்ல முடியாது. உங்கள் கேமரா ஒரு படத்துக்கு எத்தனை வினாடி ஒளி சேர்க்கப்போகிறது, ஒரு பிக்சல் எத்தனை ஆர்க் செகண்ட், இந்த இரண்டு எண்ணையும் எழுதி அனுப்புங்கள்.